ஊசலாடும் மாநிலத்தில் முதல் தடவை கதவு தட்டப் போகிறவர்களுக்கு

புதிதாக அமெரிக்கக் குடியுரிமை எடுத்த நண்பர் ஒருவர் போன மாதம் கூப்பிட்டு, "அண்ணா, இந்தத் தடவை நானும் ஓட்டுக் கேட்டு வீடு வீடாப் போகலாம்னு இருக்கேன், ஆனா முடிவு பண்ணாதவங்ககிட்ட என்ன பேசறது, அவங்க மனசை எப்படி மாத்தறது?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் பேசினோம். போனை வைத்ததும் இதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. பென்சில்வேனியா மாநிலத்தில் பிலடெல்பியாவைச் சுற்றியுள்ள புறநகர்களில் பல சனிக்கிழமைகள் நடந்து, பல கதவுகளில் தப்பும் தவறுமாகப் பேசிக் கற்றுக்கொண்டவை இவை. முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு முழு சீசன் மிச்சமாகியிருக்கும்.

நான் எந்தக் கட்சிக்காகப் போகிறேன் என்பதை இங்கே எழுதவில்லை. வேலை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் நன்றாகச் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

இதை விட்டுவிட்டு மற்றதைப் பேசவே கூடாது. குடிமக்கள் ஓட்டுப் போடலாம், நன்கொடை கொடுக்கலாம், தொண்டராகப் போகலாம். கிரீன் கார்டு உள்ளவர்கள் ஓட்டுப் போட முடியாது, மற்ற இரண்டும் செய்யலாம். எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) போன்ற விசாவில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் தொண்டராக உதவலாம், ஆனால் பிரச்சாரத்தில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருக்கக் கூடாது, ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது. பிரச்சாரக் குழு விற்கும் டி-ஷர்ட்டை வாங்கினால்கூட அது நன்கொடைக் கணக்கில்தான் வரும்.

இன்னொன்று. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போகும் இடத்தில் வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்பார்கள். குடிமகன் இல்லையென்றால் தெளிவாக வேண்டாம் என்று சொல்லுங்கள், அவசரத்தில் திரையில் கை தவறித் தட்டிவிடாதீர்கள். குடிமகன் என்று தவறாகக் குறித்ததற்காகப் பின்னாளில் குடியுரிமை மறுக்கப்படலாம், நாடுகடத்தல்வரைகூடப் போகலாம். சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் பிறகு வாருங்கள்.

அந்தத் தெருவுக்கு ஏன் அனுப்புகிறார்கள்

அதிபர் யார் என்பதை முடிவு செய்வது மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிற தேர்வாளர் வாக்குகள், மொத்தம் 538, ஜெயிக்க 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்கு முழுசும் போய்விடும். அதனால்தான் கலிபோர்னியாவில் லட்சக்கணக்கில் ஜெயிப்பதைவிட விஸ்கான்சினில் ஆயிரக்கணக்கில் ஜெயிப்பது பெரிய விஷயமாகிறது. சமீபத் தேர்தல்களில் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா என்ற ஏழு ஊசலாடும் மாநிலங்களை, அதாவது எந்தப் பக்கமும் போகக்கூடிய மாநிலங்களை, சுற்றியே எல்லாம் நடந்தன.

2020-ல் ஜனநாயகக் கட்சியின் பைடன் ஜார்ஜியாவில் 11,779 ஓட்டிலும் அரிசோனாவில் 10,457 ஓட்டிலும் விஸ்கான்சினில் 20,682 ஓட்டிலும் ஜெயித்தார். மூன்றையும் கூட்டினால் 43,000-கூட வராது. இந்த மூன்றும் மறுபக்கம் போயிருந்தால் 269-க்கு 269 என்று சமநிலையில் நின்றிருக்கும். 2016-ல் குடியரசுக் கட்சியின் டிரம்ப் மிச்சிகனில் ஜெயித்தது 10,704 ஓட்டில். 2024-ல் ஏழு மாநிலங்களும் டிரம்ப் பக்கம் போனபோதும் விஸ்கான்சினில் வித்தியாசம் 30,000-ஐத் தொடவில்லை.

சரி, அதில் புறநகர் எங்கே வருகிறது? நகரங்கள் பெரும்பாலும் ஒரு பக்கம், கிராமங்கள் பெரும்பாலும் இன்னொரு பக்கம் என்று கெட்டிப்பட்டுவிட்டன. நடுவில் இருக்கிற இந்தப் பகுதிதான் இன்னும் அசைகிறது, இரண்டு பக்கமும் அசைகிறது. பலரும் மறக்கிற இடம் அதுதான். ஜார்ஜியாவில் அட்லாண்டாவை ஒட்டிய காப், குவினெட் கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 1976-ல் கார்ட்டருக்குப் பிறகு ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் எவரையும் ஏற்கவில்லை, 2016-ல் ஹிலாரி கிளிண்டனிடம் திரும்பின. எங்கள் பக்கத்து செஸ்டர் கவுண்டியில் 2012-ல் குடியரசுக் கட்சியின் ராம்னி மயிரிழையில் முன்னிலை பெற்றார், அடுத்த தேர்தலிலேயே அது மறுபக்கம் போய்விட்டது. இதைப் பார்த்து "புறநகர் இனி எங்களுடையது" என்று ஒரு கூட்டம் நம்பிக்கொண்டிருந்தபோது, 2024-ல் பிலடெல்பியாவை ஒட்டிய பக்ஸ் கவுண்டி 1988-க்குப் பிறகு முதல் தடவையாகக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளருக்குப் போட்டது. அரிசோனாவின் மாரிகோபா கவுண்டி 2020-ல் ஜனநாயகக் கட்சிப் பக்கம் போய் 2024-ல் குடியரசுக் கட்சிக்கே திரும்பி வந்தது.

புறநகர் என்றதும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி புல்வெளி, ஒரே மாதிரி ஆட்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். பக்ஸ் கவுண்டியின் லெவிட்டவுனில் 1957-ல் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் முதன்முதலாகக் குடிவந்தபோது கூட்டம் கூடி வீட்டின் மேல் கல்லெறிந்தது. அப்படி ஒரே இனத்துக்கென்று கட்டப்பட்ட இடங்கள் அன்றைக்கு ஏராளம். இன்றைக்கு நிலைமை வேறு. குவினெட்டில் 1990-ல் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர், இப்போது அங்கே எந்த ஒரு இனத்துக்கும் பெரும்பான்மை இல்லை. அதோடு கல்லூரிப் பட்டம் உள்ளவர்கள் ஒரு கட்சியை நோக்கியும் இல்லாதவர்கள் இன்னொன்றை நோக்கியும் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டு வகையும் ஒரே முட்டுச்சந்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கும். அதனால் டிரைவ்வேயில் நிற்கிற வண்டியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரிய பிக்கப் டிரக்கைப் பார்த்துத் திரும்பிப் போக நினைத்த வீட்டில்தான் எனக்கு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள்.

'முடிவு செய்யாதவர்' யார்

ஒரு கட்சிக்கும் இன்னொன்றுக்கும் சரியாக நடுவில் நின்று இருவர் கொள்கையையும் தராசில் வைத்து நிறுக்கிற ஆள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவரைச் சந்தித்தது மிகக் குறைவு. நிஜத்தில் வருகிறவர்கள் வேறு. யாருக்குப் போடுவது என்று தெரியும், ஆனால் போகலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி என்று இருப்பவர்கள் நிறைய. இரண்டு பேரும் பிடிக்கவில்லை என்று கோபத்தில் இருப்பவர்கள் அடுத்து. அரசியல் செய்தியே பார்க்காதவர்கள், இரண்டு வேலை பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவர்கள். அப்புறம், முடிவு செய்துவிட்டு உங்களிடம் சொல்ல விரும்பாதவர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை, தோண்டாதீர்கள்.

முதல் வகைக்குத் தேவை வழி: எங்கே, எப்போது, எப்படி ஓட்டுப் போடுவது. இரண்டாவது வகைக்குத் தேவை காது. மூன்றாவது வகைக்கு உங்கள் வேட்பாளர் யார் என்பதே தெரியாமல் இருக்கலாம், அங்கே சுருக்கமான அறிமுகம் போதும். எல்லாருக்கும் ஒரே பேச்சை ஒப்பித்தால் ஒருவருக்கும் பொருந்தாது.

பிரச்சாரக் குழு உங்கள் கையில் தருகிற வாக்காளர் பட்டியலில் எவ்வளவு தெரியும் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடாவில் வாக்காளர் கட்சியோடு பதிவு செய்கிறார், அல்லது கட்சி சாராதவர் என்று பதிவு செய்கிறார். ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சினில் கட்சிப் பதிவே கிடையாது, அங்கே பட்டியல் சொல்வதெல்லாம் ஊகம். வட கரோலினாவில் 2022-லிருந்து கட்சி சாராதவர்கள்தான் மிகப் பெரிய கூட்டம். அவர்கள் எல்லாரும் முடிவு செய்யாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், பலர் ஒவ்வொரு தடவையும் ஒரே கட்சிக்குப் போடுகிறவர்கள்தான்.

ஆய்வு சொல்வது கசப்பு, ஆனால் தெரிந்துகொள்ளுங்கள்

1998-ல் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்த சோதனையில், நேரில் போய்ப் பேசினால் ஓட்டுப் போட வருகிறவர்கள் எண்ணிக்கை நன்றாகக் கூடியது, தொலைபேசி அழைப்பால் கூடவில்லை. ஆக, ஆளை வாக்குச்சாவடிக்கு வரவைக்கக் கதவு தட்டுவது உதவும். ஆனால் மனதை மாற்றுவது? ஜோஷுவா கால்லா, டேவிட் புரூக்மன் என்ற வேறு இரண்டு ஆய்வாளர்கள் 49 களச் சோதனைகளை ஒன்றாக வைத்து 2018-ல் வெளியிட்டார்கள். பொதுத்தேர்தலில் பிரச்சாரத் தொடர்பால் வாக்காளர் வேட்பாளரை மாற்றுவது சராசரியாகப் பூஜ்ஜியம் என்றார்கள். கடைசி வாரத்தில் ஓடிப்போய் இரண்டு நிமிடம் பேசிவிட்டு நோட்டீஸ் கொடுத்தால் யாரும் மாறுவதில்லை.

அதே இருவர் மயாமியில் செய்த இன்னொரு சோதனை 2016-ல் வந்தது. அதில் தொண்டர்கள் பத்து நிமிடம் நின்று, பிரசங்கம் செய்யாமல், கேள்வி கேட்டு, அந்த வாக்காளரே தன் வாழ்க்கையில் யாரோ தன்னை வேறாகப் பார்த்த அனுபவத்தைச் சொல்லவைத்தார்கள். திருநங்கைகள், திருநம்பிகள் மீதான வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்துக் கேட்டபோதும் அந்த மாற்றம் இருந்தது. இதே மாதிரி முடிவைச் சொன்ன வேறொரு ஆய்வு 2014-ல் வெளியாகி, அதன் தரவு நம்பத்தக்கதில்லை என்று மறு வருடமே திரும்பப் பெறப்பட்டது. அந்தக் குளறுபடியை வெளியே கொண்டுவந்தவர்களில் இதே புரூக்மனும் கால்லாவும் இருந்தார்கள். பொய்யைக் கண்டுபிடித்தவர்களே பிறகு ஒழுங்காகச் செய்து பார்த்து "இந்த முறை வேலை செய்கிறது" என்று சொன்னதால் எனக்கு இதில் நம்பிக்கை கூடுதல்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு. சீக்கிரம் ஆரம்பியுங்கள், விளம்பரம் கொட்டுகிற அக்டோபருக்கு முன்னாலேயே. அப்புறம், சொல்லப் போகாதீர்கள், கேட்கப் போங்கள்.

கதவு முன்னால்

நம் ஊரில் ஓட்டுக் கேட்பது என்றால் வேட்பாளர், கொடி, கூட்டம், ஆரத்தித் தட்டு. இங்கே நீங்களும் கூட ஒருவரும் கையில் ஒரு போனும்தான். ஜனநாயகக் கட்சிப் பக்கம் மினிவேன் என்ற செயலியில் பட்டியல் வரும், குடியரசுக் கட்சிப் பக்கம் அவர்களுக்கென்று வேறு செயலிகள் உண்டு. முதல் நாள் அனுபவமுள்ள ஒருவரோடுதான் போங்கள், தனியாகப் போகாதீர்கள்.

அரசியல் பேச வீடு வீடாகப் போக அனுமதிச் சீட்டு வாங்கச் சொல்வது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சொல்லிவிட்டது. ஆனால் கேட் போட்ட குடியிருப்பு, அபார்ட்மென்ட் வளாகம் எல்லாம் தனியார் இடம், அங்கே நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். "விற்பனையாளர் வரவேண்டாம்" என்ற பலகை சட்டப்படி நம்மைக் கட்டுப்படுத்தாது என்பார்கள். இருந்தாலும் நான் அந்தக் கதவைத் தட்டுவதில்லை, ஓட்டுக் கேட்கப் போய்க் கோபத்தை வாங்கி வருவதில் என்ன லாபம். நோட்டீஸைத் தபால்பெட்டிக்குள் போடவே போடாதீர்கள், அது கூட்டரசுச் சட்டப்படி தப்பு. கதவிடுக்கில் செருகுங்கள்.

மணி அடித்ததும் இரண்டு அடி பின்னால் போய், படி இருந்தால் ஒரு படி இறங்கி நில்லுங்கள். அழைப்புமணிக் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. போனைக் கீழே வையுங்கள், போனைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவரிடம் யாரும் மனம் திறப்பதில்லை. இருட்டிய பிறகு போகாதீர்கள். நாய் சத்தம் கேட்டால் வேலிக் கதவைத் திறக்காதீர்கள்.

பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் பேசுங்கள். இது நம் தமிழ் வீடுகளில் ரொம்ப முக்கியம். கதவைத் திறக்கிற அண்ணன் "எங்க வீட்ல எல்லாரும் ஒரே மாதிரிதான் போடுவோம்" என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார். "சரிங்க, அக்காவையும் ஒரு நிமிஷம் கூப்பிடறீங்களா, அவங்க பேரும் லிஸ்ட்ல இருக்கு" என்று கேளுங்கள். அந்த அக்காவுக்குப் பெரும்பாலும் சொல்ல நிறைய இருக்கும், குறிப்பாகப் பள்ளிக்கூடத்தைப் பற்றி.

ஒரு கதவை அப்படியே சொல்கிறேன். அறுபது வயது இருக்கும், ஏணியில் நின்று கூரை ஓரத்துக் குழாயில் அடைத்திருந்த இலைகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கீழே இறங்கவில்லை. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது, நினைவில் இருக்கிறபடி தமிழில் எழுதுகிறேன்.

"எல்லாரும் திருடங்கதான். நான் இன்னும் முடிவு பண்ணலை."

"பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரைக்கும் சொன்னா, எங்க வேட்பாளருக்குப் போடுறதுக்கு எவ்வளவு வாய்ப்பு?"

"அஞ்சு."

"ஏன் அஞ்சு?"

பதில் இல்லை. இந்த இடத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய்க் கொள்கையை ஒப்பிக்க ஆரம்பிப்பார்கள், நானும் பல நாள் அதைத்தான் செய்தேன். அன்றைக்குச் சும்மா நின்றேன். ஒரு கை இலை கீழே விழுந்தது, இன்னொரு கை விழுந்தது. அப்புறம் அவரே சொன்னார், மகள் திரும்பி வந்து அந்த வீட்டிலேயே இருக்கிறாள், நல்ல வேலை, ஆனால் வீடு வாங்க முடியவில்லை. 2021-ல் 3 சதவீதத்துக்கும் கீழே இருந்த 30 வருட வீட்டுக் கடன் வட்டி 2023 அக்டோபரில் 8-ஐ நெருங்கியது என்பதை நான் படித்திருந்தேன், அந்த எண்ணைச் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. "அது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவர் ஏணியிலிருந்து இறங்கினார்.

என் தம்பியும் இரண்டு வருடம் வீடு தேடி அலைந்து கடைசியில் வாடகைக்கே இருந்துவிட்டதைச் சொன்னேன், அது உண்மை. அதற்குப் பிறகுதான் எங்கள் வேட்பாளர் வீட்டு விஷயத்தில் என்ன செய்வதாகச் சொல்கிறார் என்பதை இரண்டே வரியில் சொன்னேன். திரும்ப எண் கேட்டேன். "ஆறுன்னு வெச்சுக்கோ" என்றார். மொத்தம் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அந்தத் தெருவில் அன்று மற்ற வீடுகளில் பாதியில் யாரும் கதவு திறக்கவில்லை.

எதைப் பேசுவது, எதை விடுவது

புறநகரில் திரும்பத் திரும்ப வருபவை: சாமான் விலை, வீட்டு வரி, பள்ளி, கருக்கலைப்பு, பாதுகாப்பு. பென்சில்வேனியாவில் பள்ளிக்கான பணத்தில் பெரிய பங்கு வீட்டு வரியிலிருந்து போகிறது, அதனால் வயதானவர் வரி என்று புலம்புவதும் இளம் பெற்றோர் பள்ளி என்று கவலைப்படுவதும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள். கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று மாநிலங்கள் கையில் விட்ட பிறகு அது எந்தக் கதவிலும் வெடிக்கக்கூடிய பேச்சு. அவர்கள் எடுத்தால் பேசுங்கள், நீங்களாக எடுக்காதீர்கள். பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதம் வரை போய் இறங்கியது உண்மைதான், ஆனால் முட்டை விலையைப் பற்றிப் பேசுகிறவரிடம் "இப்போ குறைஞ்சிருக்கு" என்று புள்ளிவிவரம் காட்டினால் அவரைப் பொய்யர் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ஏறுகிற வேகம் குறைந்தது, ஏறின விலை இறங்கவில்லை, அவர் பில்லைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

எதிர்க்கட்சி வேட்பாளரைத் திட்டாதீர்கள். போன தடவை அவருக்குப் போட்டவரிடம்தான் நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், வேட்பாளரைத் திட்டினால் அது இவர் மேல்தான் விழும். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். உங்கள் கட்சி செய்த தப்பை அவர் சொன்னால், அது தப்புதான் என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் எதிர்க்கட்சிப் பலகை வைத்திருப்பவரோடு நாற்பது நிமிடம் வாதாடுவது உங்கள் மனத்திருப்திக்கு மட்டும்தான், வணக்கம் சொல்லி நகருங்கள்.

ஓட்டுப் போடும் வழியைச் சொல்லாமல் திரும்பாதீர்கள்

மாறின மனதும் வாக்குச்சாவடிக்குப் போகாவிட்டால் பயனில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரோடு போகப் போகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் மாநில விதியை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் தேர்தலுக்கு 15 நாள் முன்புவரை பதிவு செய்யலாம். தபால் வாக்கு தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், தபால் முத்திரைத் தேதி செல்லாது. வாக்குச்சீட்டை முதலில் உள்ளுறையில் போட்டு, அதை வெளியுறையில் வைக்க வேண்டும், உள்ளுறை இல்லாமல் வந்தால் எண்ண மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு படித்த குடும்பமே அந்த உறையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் தேடியது. விஸ்கான்சின், மிச்சிகனில் தேர்தல் அன்றே பதிவு செய்து ஓட்டுப் போடலாம். விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினாவில் படம் உள்ள அடையாள அட்டை கேட்பார்கள். விதிகள் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவதுண்டு, கிளம்பும் முன் மாநிலத் தேர்தல் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பொய் எண் போடாதீர்கள்

ஒவ்வொரு கதவுக்குப் பிறகும் 1 முதல் 5 வரை குறிப்பீர்கள். வழக்கமாக 1 என்றால் உறுதியாக நம் பக்கம், 5 என்றால் உறுதியாக மறுபக்கம். சிரித்துப் பேசினார் என்பதற்காக 3-ஐ 2 ஆக்காதீர்கள். கடைசி வாரத்தில் அந்த எண்ணை நம்பித்தான் "ஓட்டுப் போடப் போங்க" என்று கதவு தட்டுவார்கள், நீங்கள் தப்பாகப் போட்டால் எதிர்க்கட்சி ஆதரவாளரை நாமே எழுப்பி அனுப்பினதாகும். ஏணிக்காரருக்கு நான் 3 போட்டேன், பக்கத்தில் "மகள், வீடு, மறுபடி போகவும்" என்று எழுதினேன்.

முடிந்தால் ஒரே தெருவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வேறு ஆள் போனால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துப் போனபோது அவர் என்னைப் பார்த்ததும் "உன் தம்பிக்கு வீடு கிடைச்சுதா?" என்றுதான் கேட்டார். தேர்தலைப் பற்றி அன்று இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை, தபால் வாக்கு வாங்கவில்லை, நேரில்தான் போடுவேன் என்றார், சாவடி எங்கே என்று மகளுக்கும் சேர்த்துக் குறித்துக்கொண்டார்.

யாருக்குப் போட்டார் என்பது எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. யார் ஓட்டுப் போட்டார்கள் என்பது மட்டும் பொதுப் பதிவில் வரும். அடுத்து வந்த பட்டியலில் அந்த வீட்டில் இரண்டு பெயருக்கும் நேராக 'வாக்களித்தார்' என்று இருந்தது. அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வருகிற 2026 நவம்பர் 3 இடைக்காலத் தேர்தலுக்கும் அதே தெருவையே கேட்டு வாங்கியிருக்கிறேன்.